பதினாறு கிராம்

அரை லீற்றர் தண்ணீர் குடித்துவிட்டு
கால் மணி நேரம் கதிரையில் இருந்தேன்.
பிறகு படியேறி இறங்கினேன்.
பத்துத் தரம் இருமினேன்.
நின்ற இடத்திலேயே ஓடினேன்.
தரையில் போட்ட திறப்பைக் குனிந்து எடுத்தேன்.
குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிடம் கை கழுவினேன்.
யன்னலுக்குக் கீழே, பேர்ண் நகரத்து ஆரே ஆறு
ஒருவரிடமும் அனுமதி கேளாமல் போய்க்கொண்டிருந்தது.

ரெகுலா பஞ்சைத் தராசில் வைத்தாள்.
வெறும் நிறையைக் கழித்து
பதினாறு கிராம் என்றாள்.
எனக்குக் கிராம் தெரியும், நகைக்கடையில்.
இரண்டு பவுன்.
என்னுடையதை ஒருவர்
இவ்வளவு கவனமாய் நிறுத்துப் பார்த்தது
அடகுக்கடைக்குப் பிறகு இப்போதுதான்.

முதல் நாள் மொழிபெயர்க்கத் தொலைபேசியில் வந்தவர்
கோயில் பொருளாளர்.
குரலிலேயே பிடிபட்டது.
"தலையிடி" என்றேன்.
அதை நல்ல ஜெர்மனில் சொன்னார்.

அடுத்த கிழமை லதாங்கி என்ற பிள்ளை வந்தாள்.
படிவத்தில் "அழுத்தச் சிறுநீர்க் கசிவு" என்று இருந்ததை
"சலம் போறது, அன்ரி" என்றாள்.
இவர்கள் பாஷையில் பெலாஸ்டுங்.
பாரம்.
அது சரியான சொல்.

வயோதிபர் இல்லத்தில் எனக்கு இருபத்தொரு வருடம்.
ஏஷ்லிமன் ஐயாவுக்கு நடு அளவு.
மூன்றாம் மாடி ஹுல்டி அம்மாவுக்குப் பெரியது,
இரவுக்கு ஊதா வரி போட்டது.
தூக்குவேன், புரட்டுவேன், மாற்றுவேன்,
"பரவாயில்லை, எல்லாருக்கும் வாறதுதான்" என்பேன்.
தூக்கின கையோடு எனக்கு வந்ததை மட்டும்
உலகத்தில் ஒருத்திக்கும் வராததுபோல
கைப்பையின் அடியில் ஒளித்தேன்.
சூரிச் தொடக்கம் ஜெனீவா வரை
எந்தக் கலியாண மண்டபத்தில் கழிப்பறை எங்கே என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
மாம்பழ மஞ்சள் சேலை
நாலு வருடமாய் மடிப்புக் கலையவில்லை.

கையொப்பத்துக்கு முன் பதினொரு பக்கம்.
ஏழாம் பக்கத்தில் ஒரு வரி:
எந்த நேரத்திலும், காரணம் கூறாமல்,
நீங்கள் விலகிக்கொள்ளலாம்.
மூன்று தரம் வாசித்தேன்.
கலியாணத்தன்று இப்படியொரு தாள் ஒருவரும் நீட்டவில்லை.
விமானம் ஏற்றி அனுப்பியவனும் நீட்டவில்லை.
"விளங்கேல்லையா அன்ரி?" என்றாள் லதாங்கி.
விளங்கினதுதான் பிரச்சினை.

கருவியோடு ஒரு குழு, வெறும் பயிற்சியோடு ஒரு குழு.
யார் எதில் என்று கணினி தீர்மானிக்குமாம்.
சீட்டுக் குலுக்கல் எனக்குத் தெரியாததா.
பயிற்சி விழுந்தது.

இறுக்கு. எட்டு எண்ணு. விடு.
பஸ்ஸில், அரிசி கழுவும்போது,
மேற்பார்வையாளர் என்னைத் திட்டும்போது.
முகத்தில் ஒன்றும் தெரியாது.
மூன்று நாள் நாட்குறிப்பில் ஒரு நிரல்:
அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?
தூக்கினேன். தும்மினேன். தூக்கினேன்.
ஒரு இடத்தில் "சிரித்தேன்" என்று எழுதி, வெட்டி,
திருப்பி எழுதினேன்.

பன்னிரண்டாம் கிழமை மறுபடியும் தராசு.
ஒன்பது கிராம்.
"மிச்சம் ஒரு பவுன், ஒரு கிராம் சேதாரம்" என்றேன்.
லதாங்கி அதை எப்படிச் சொன்னாளோ,
ரெகுலா பேனையைப் பிடித்தபடி
எழுதக் கட்டம் தேடினாள்.
கருவிக்காரர்களுக்கு இதைவிடக் குறைந்ததா என்று கேட்டேன்.
தெரியாது என்றாள்.
இன்னும் எழுபது பேர் வேண்டுமாம், தெரிய.

ஞாயிறு, கோயில் சமையலறை.
பூசணிக்காய் வெட்டிக்கொண்டே புஸ்பகாந்தி
பொருளாளரின் தலைச்சாயத்தைப் பற்றி ஏதோ சொன்னாள்.
ஐந்து பேரும் சிரித்தோம்.
நான் இறுக்கினேன்.
நிமிர்ந்து பார்த்தால்
நாலு பேர் காலைப் பின்னிக்கொண்டு
சுவரைப் பிடித்தபடி சிரிக்கிறார்கள்.

கத்தியைக் கீழே வைத்தேன்.
"இன்னும் ஆள் தேடுகினமாம்" என்றேன்.
"என்னத்துக்கு?" என்றாள் புஸ்பகாந்தி,
பின்னிய காலை எடுக்காமல்.